டோக்கன் 91

பெயருக்குள் எலி புகுந்துவிட்டது.
சிங்களத்தில் எழுதி மறுபடி தமிழுக்கு வந்தபோது
எழிலரசி நான் எலிலரசி.
அதைத் துரத்தத்தான்
நோர்வூட் பிரதேச செயலகத்தில்
காலை ஏழரையிலிருந்து காத்திருக்கிறேன்,
நனைந்த குடைகளின் நடுவே,
கையில் டோக்கன் தொண்ணூற்றொன்று.

பார்வைக்கு முதன்மை எண் போலத் தெரியும்.
இல்லை. ஏழு பதின்மூன்று.
எண்பத்தொன்பதுக்கும் தொண்ணூற்றேழுக்கும் நடுவில்
ஒரு முதன்மை எண்கூடக் கிடையாது.
அந்த இடைவெளியில்தான் நாங்கள் ஏழு பேர்,
ஒரே வாங்கில்.

விண்ணப்பத்தின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
அடையாள அட்டை இலக்கத்தை எழுதினேன்:

200481946301

எழுத்துப்பிழை இல்லாத என் ஒரே பெயர்.
முதல் நான்கும் பிறந்த வருடம்.
அடுத்த மூன்றும் பிறந்த நாள்.
நவம்பர் பதினான்கு, முந்நூற்றுப் பத்தொன்பதாவது நாள்;
ஆனால் எண்ணூற்றுப் பத்தொன்பது என்றிருக்கும்.
பெண் என்றால் ஐந்நூறு கூட்டுவார்கள்.
"எங்கேயாவது கூட்டுறாங்களே" என்று அம்மா சிரித்தாள்,
கொழுந்துத் தராசில் ஈரத்துக்கென்று
மூன்று கிலோ கழிபட்டே பழகியவள்.

இரண்டு போகாது. ஐந்து போகாது.
இலக்கங்களின் கூட்டு முப்பத்தெட்டு, ஆக மூன்றும் போகாது.
ஏழுக்கு ஒரு குறுக்குவழி உண்டு, ஆயிரத்தொன்றின் தயவில்:
மும்மூன்றாக வெட்டு,
ஒன்றுவிட்டு ஒன்றாய்க் கூட்டு, பிறகு கழி.
301, 481 ஒரு பக்கம்.
946, 200 மறுபக்கம்.
வித்தியாசம் முந்நூற்று அறுபத்து நான்கு.
ஒரு நாள் குறைந்த வருடம்.
பதினொன்று ஒன்றே ஒன்றில் நழுவியது.
ஆனால் ஏழும் போகும், பதின்மூன்றும் போகும்:
நான்கு தொண்ணூற்றொன்று!

டோக்கனைத் திருப்பிப் பார்த்தேன்.
டோக்கன் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்நூறைப் பிடுங்கி ஆணாக்கிப் பார்த்தேன்:

200431946301

(சரிபார்க்கும் கடைசி இலக்கம் மாறும்தான்.
இன்றைக்கு மன்னிக்கவும்.)
ஏழால் வகுத்தால் ஆறு மீதி, பதின்மூன்றால் இரண்டு.
எங்களுக்கு நடுவே ஐந்து கோடி;
இரண்டுகளும் ஐந்துகளும் மட்டுமே அடுக்கிக் கட்டிய சுவர்.
நானோ ஒன்றில் முடிகிறவள்,
இரண்டும் ஐந்தும் எனக்குள் நுழையா.
ஆகவே அவனுக்கும் எனக்கும்
பொதுக் காரணிகளுட் பெரியது: ஒன்று.
பிறக்காத அவனோடு சண்டையும் இல்லை,
பங்கும் இல்லை.

தொண்ணூற்றிரண்டாம் டோக்கன் ஓர் ஓட்டோக்காரர், ரெஜினோல்ட்.
"என்ன தங்கச்சி கணக்கு?"
"வகுக்கிறேன்."
"எதை?"
"என்னை."
கொஞ்சம் யோசித்துக் கேட்டார்:
"எத்தனை பேருக்கு?"

ஏழும் பதின்மூன்றும் போக மிஞ்சியது
2203098311.
மறுபடி ஏழு, மறுபடி பதின்மூன்று,
பதினேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று,
ஒவ்வொன்றும் கதவைத் தட்டிவிட்டு
மீதியைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனது.
தொண்ணூற்றேழுவரை பார்த்தேன்.
நாற்பத்தாறாயிரம் தாண்டிப் போனால்தான் நிச்சயம் தெரியும்.
ஒரே கூரையின் கீழ், நடுச்சுவரில் முதுகு சாய்த்து
உள்ளே இரண்டு பெரிய எண்கள் இருக்கலாம்,
எங்கள் லயத்தில் நாங்களும் பக்கத்து வீடும் போல.
தனியாக ஒன்றே இருக்கலாம்.
எது என்று ஆசைப்படுவது எனத் தெரியவில்லை.

"தொண்ணூற்றொன்று!"

கிளார்க் நோனா இலக்கத்தைத் தட்டினார்.
கணினிக்கு ஒரு நொடி. காரணி எதையும் அது கேட்கவில்லை.
"எலிலரசி?"
ஆமாம் என்றேன். இல்லை என்றேன்.
படிவத்தைத் திருப்பினார்.
"பின்னால கிறுக்கினா எடுக்க மாட்டோம்.
புது படிவம் நிரப்பிட்டு புதன்கிழமை வாங்க."

எலியோடு பொகவந்தலாவை பஸ் ஏறினேன்.
கண்ணாடி முழுக்க மூச்சின் ஆவி;
வெளியே எந்த மலை என்று தெரியவில்லை.
விரலால் எழுதத் தொடங்கினேன்,
நூற்றொன்றிலிருந்து.